கொல்லைப்புறத்தில் தகட்டு மேட்டுப்பாத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பக்கமும் இரும்புத் தகட்டை நிறுத்தி, உள்ளே மண் நிரப்பிச் செடி வளர்க்கும் உயரமான பாத்திதான் தகட்டு மேட்டுப்பாத்தி. இந்தப் பக்கத்தில் வரும் கணக்கெல்லாம் 8 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு பாத்திக்கானது. உங்களுடையது வேறு அளவானால் அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பூட்டத் தயாராக விற்கும் பாத்திக் கிட்டோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாட்டுத் தோட்டங்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றில் சொன்னதை நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அப்படியே செய்தால் சில இடங்களில் வேலை கெடும். அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

பலகையும் செங்கல்லும் இருக்கும்போது தகடு எதற்கு?

முதல் காரணம் கரையான். ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலகை, தேக்காக இருந்தாலொழிய, இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிது. செங்கல் சுவர் நன்றாகவே உழைக்கும். ஆனால் அதற்கு அஸ்திவாரம், கொத்தனார் கூலி, பூச்சு எல்லாம் வேண்டும். பிறகு இடம் மாற்றவும் முடியாது. தகட்டுப் பாத்தியை இரண்டு பேர் சேர்ந்தால் அரை நாளில் பூட்டிவிடலாம். குறைகள் இரண்டு: வெயிலில் சூடேறும், கடற்கரை ஓரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று நேரே அடிக்கிற தெருவில் இருப்பவர்கள் செங்கல்லுக்கே போய்விடுவது நல்லது.

கடையில் ஜிஐ, கால்வால்யூம், கலர் ஷீட் என்று பல பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

ஜிஐ என்பது இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் மட்டும் பூசியது. கால்வால்யூம் வகையில் பூச்சு 55 சதவீதம் அலுமினியம், ஏறக்குறைய 43 சதவீதம் துத்தநாகம், மீதி கொஞ்சம் சிலிக்கான். அதே வகைத் தகட்டின் மேல் பெயின்ட் ஏற்றியதுதான் இப்போது கூரைக்குப் போடும் கலர் ஷீட்டுகளில் பெரும்பாலானவை. வெறும் மழைக்கும் காற்றுக்கும் அலுமினியம் கலந்த பூச்சு அதிக நாள் நிற்கும். ஆனால் சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் போன்ற காரமான பொருளும் பச்சைச் சாணத்தின் அமோனியாவும் அதற்கு ஆகாது.

எந்தப் பூச்சு என்பதைவிட எவ்வளவு பூச்சு என்பதைக் கேளுங்கள். ‘ஏஇசட் 150’ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம். ஜிஐ தகட்டில் 120 கிராமும் கிடைக்கும், 275 கிராமும் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மண்ணைத் தாங்க வேண்டிய தகட்டுக்கு 275 கேளுங்கள். கனம் எவ்வளவு வேண்டும் என்பது தகட்டின் வடிவத்தைப் பொறுத்தது. வரிவரியாக நெளிந்த தகடு என்றால் அரை மில்லிமீட்டர் போதும். தட்டைத் தகடு என்றால் 1.2 மில்லிமீட்டர், அதாவது 18 கேஜுக்குக் குறைய வேண்டாம்.

பழைய கெமிக்கல் டிரம்மை நெடுக்கில் அறுத்துப் பாத்தியாக்குவது பலர் செய்வதுதான். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் காய்கறிக்கு அது வேண்டாம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நிமிர்த்தி வைப்பது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

பட்டறையில் சொல்லிச் செய்தால் மலிவாக வருமா?

வரும், ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு ஆரம்பிப்பது அங்கேதான். மூலைகளை ஒன்றரை அங்குல எல்-ஆங்கிள் கொடுத்து போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள். வெல்டிங் தவிர்க்க முடியாவிட்டால் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் ரிச் பிரைமர் (துத்தநாகம் நிறைந்த அடிப்பூச்சு) இரண்டு கை அடிக்க வேண்டும். வெள்ளி நிற பெயின்ட் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், துருவைத் தடுக்காது.

அடுத்தது கிரைண்டர். தகட்டை அதில் அறுத்தால் வெட்டுவிளிம்பில் பூச்சு கருகும். பறக்கும் பொறி தகட்டின் மேல் ஒட்டி, முதல் மழையிலேயே புள்ளிபுள்ளியாகத் துருவைக் கிளப்பும். தகரக் கத்தரியால் வெட்டுவதே சரி.

மூன்றாவது, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஒரு அங்குலம் மடிக்கச் சொல்வது. மடித்த விளிம்பு கையை அறுக்காது, தகட்டுக்கும் முறுக்கு கொடுக்கும். 8×4 அடி ஷீட் ஒன்றில் மடிப்போடு 20 அங்குலப் பட்டை இரண்டு வரும். அதில் நீளப்பக்கம் இரண்டும் முடிந்தது. குறுக்குப் பக்கங்களுக்கு இன்னொரு ஷீட்டில் பட்டை எடுக்க வேண்டும்.

3 அடி அகலம்தான் இருக்க வேண்டுமா?

இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய இடமிருந்தால் 3 அடி. நடுப்பகுதி கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். 4 அடி வைத்தால் களை பிடுங்க உள்ளே கால் வைப்பீர்கள், மண் இறுகும். மதில் ஓரமாகப் போடுவதானால் 2 அடிக்கு மேல் வேண்டாம், மதிலுக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உயரம் ஒன்றரை அடி இருந்தால் கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் வரும். கீரைக்கு முக்கால் அடியே போதும்.

எந்தத் திசை பார்த்து வைப்பது?

நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்லும். சூரியன் தெற்கிலேயே தாழ்ந்து நிற்கும் நாடுகளில் ஒரு செடியின் நிழல் இன்னொன்றின் மேல் விழாமலிருக்க அது உதவும். நமக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேராகவோ சற்று வடக்கே சாய்ந்தோதான் இருக்கும். இங்கே பாத்தியை வாட்டுவது மேற்கு வெயில். சித்திரை, வைகாசியில் மதியம் 2 மணிக்கு மேல் மேற்குப் பக்கத் தகட்டைத் தொட முடியாது. அதனால் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வையுங்கள். மேற்கு வெயில் நேரே படுவது 3 அடிக் குறுக்குத் தகட்டில் மட்டும் என்று ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு வாழையோ கறிவேப்பிலையோ நின்றால் இன்னும் நல்லது.

காலையிலிருந்து 5, 6 மணி நேரம் வெயில் கிடைக்கிற இடமாகப் பாருங்கள். சன்ஷேடு தண்ணீர் நேராகக் கொட்டும் கோட்டிலிருந்து 2 அடி தள்ளியிருக்கட்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் நாற்று இருந்த இடத்தில் குழிதான் இருக்கும். செப்டிக் டேங்க் மூடி, போர்வெல் குழாய் இவற்றின் மேல் வைக்காதீர்கள். வேம்பு, முருங்கை, தென்னை பக்கத்தில் இருந்தால் அவற்றின் சல்லிவேர் உரத்தைத் தேடி அடிவழியாக ஏறி வரும். அதைத் தடுக்க நல்ல வழி, தூரமாகப் போவது ஒன்றே.

தரையை எப்படித் தயார் செய்வது?

பாத்தியின் அளவைவிடச் சுற்றிலும் அரை அடி கூட்டிக் கயிறு பிடித்து, புல்லைச் செதுக்கி எடுங்கள். உள்பகுதியை மண்வெட்டியால் அரை அடி ஆழம் கொத்திவிடுங்கள். தகட்டுக்கு அடி கிடையாது. வேரும் மழைநீரும் கீழ்மண்ணுக்கு இறங்கியாக வேண்டும். களிமண் தரையைக் கொத்தாமல் மேலே மண்ணை நிரப்பினால், கார்த்திகை மழையில் தண்ணீர் நடுவில் தேங்கி வேர் அழுகும்.

கோரை இருந்தால் அவசரப்படாதீர்கள். அட்டைப்பெட்டியை விரித்து மேலே மண் போட்டால் களை செத்துவிடும் என்ற யோசனை சாதாரணப் புல்லுக்குச் சரி. கோரைக்கிழங்கின் முளை ஊசி மாதிரி அட்டையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கொத்தும்போதே கிழங்கைப் பொறுக்கி எடுங்கள். பிறகு மண்ணை நனைத்து, கண்ணாடி போல நிறமற்ற பாலிதீன் தாளால் இறுக்கி மூடி, கோடை வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். கருப்புத் தாள் வேண்டாம். ஒளி ஊடுருவும் தாளில்தான் மண் நன்றாகச் சுடும். அப்போதும் ஆழத்தில் உள்ள கிழங்கு சில தப்பும். முளைவிட்டதும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெருச்சாளித் தொல்லை உள்ள இடம் என்றால் அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ் போடுங்கள். 4 அடி அகல ரோலில் 9 அடி வெட்டினால், நான்கு பக்கமும் அரை அடி தகட்டின் உட்புறமாக மடித்து ஏற்றலாம். கோழிவலை வேண்டாம்; பெருச்சாளி அதைக் கடித்துவிடும்.

பூட்டும் முறை என்ன?

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கலர் ஷீட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் முதல் வேலையாக அதை உரியுங்கள். ஒரு மாதம் வெயிலில் காய்ந்துவிட்டால் பிறகு துண்டுதுண்டாகத்தான் வரும்.

தகடுகளைச் சமதரையில் நிறுத்தி, 6 மில்லிமீட்டர் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிடுங்கள். ஸ்பேனரை இப்போது எடுக்க வேண்டாம். முதல் மூலையையே இறுக்கிவிட்டால் கடைசி மூலையில் ஓட்டை ஓட்டையோடு சேராது. எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. போல்ட்டின் தலை உள்பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் வரட்டும். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. தலைக்கடியில் ரப்பர் வாஷர், மரையில் துளி கிரீஸ். எஸ்எஸ் நட்டு எஸ்எஸ் போல்ட்டில் கவ்விக்கொள்ளும் குணம் உடையது.

நான்கு மூலையும் சேர்ந்ததும் தூக்கி இடத்தில் வைத்து மூலைவிட்டம் பாருங்கள். 8×3 அடிக்கு இரண்டு மூலைவிட்டமும் 8 அடி ஆறரை அங்குலம் வர வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் தள்ளிச் சரிசெய்யுங்கள். பிறகு மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் கிடைத்தால் நல்லது. தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுக்காதீர்கள். அந்த இடுக்கு வழியாக மண் வெளியேறும், பாம்பு உள்ளே போகும். உயர்ந்த பக்கத்தைச் செதுக்கி இறக்குங்கள். கீழ்விளிம்பு ஒரு அங்குலம் மண்ணுக்குள் இருக்கட்டும். 8 அடிக்கு ஒரு அங்குலச் சரிவு இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இப்போது எல்லா நட்டையும் இறுக்கி, எதிரெதிர் நீளத் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பிகளைப் போடுங்கள் (முறை அடுத்த கேள்வியில்). மண் கொட்டுவதற்கு முன்னால்.

குறுக்குக் கம்பி போடாமல் நிரப்பிவிட்டோம், நடுவில் வயிறு தள்ளிவிட்டது. என்ன செய்வது?

ஈரமண் ஒரு டன்னுக்கு மேல் உள்ளே இருக்கிறது. அது பக்கவாட்டில் தள்ளும். கீழ்விளிம்பைத் தரை பிடித்துக்கொள்ளும், மூலைகளை ஆங்கிள் பிடித்துக்கொள்ளும். பிடிமானம் இல்லாதது நீளப்பக்கத்தின் நடு. பிதுங்கிய தகட்டை வெளியிலிருந்து கட்டையால் முட்டுக்கொடுத்து நிமிர்த்த முடியாது. மேல்பாதி மண்ணை எடுத்தாக வேண்டும்.

எடுத்தபின், நீளத்தை மூன்றாகப் பிரித்து, 2 அடி 8 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு இடத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், எதிரெதிர்த் தகடுகளில் துளை போடுங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் விற்கும் 8 மில்லிமீட்டர் திரெடு ராடு (நெடுக மரை உள்ள கம்பி) 3 அடி அகலத்துக்குச் சரியாக இருக்கும். ராடைப் பிவிசி எலெக்ட்ரிக்கல் பைப்புக்குள் நுழைத்து வையுங்கள். துருவும் பிடிக்காது, களைக்கொத்தும் இடிக்காது. இரண்டு முனையிலும் 2 அங்குலப் பட்டைத்தகடு ஒன்றை வாஷராகக் கொடுத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினால் தகடு உள்ளே வரும். சிறு வாஷர் மட்டும் போட்டால் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

எவ்வளவு மண் வேண்டும்? என்ன கலவை?

8×3×1½ = 36 கன அடி. மண் வியாபாரி கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். ஒரே வீட்டில் மூன்று பாத்தி போட்டால் ஒரு யூனிட் வண்டி கிட்டத்தட்டச் சரியாகப்போகும்.

கீழ் அரை அடிக்கு, 12 கன அடி, விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கொத்தி எடுத்த தோட்ட மண், காய்ந்த இலை, வாழைமட்டைத் துண்டு போதும். மேல் ஒரு அடிக்குச் செம்மண் 12 கன அடி, மக்கிய உரம் 6, தென்னை நார்க்கழிவு 4, ஆற்றுமணலோ எம்-சாண்டோ 2. உரத்தில் பாதி தொழு உரம், பாதி மண்புழு உரம் என்றால் மண்புழு உரம் 50 கிலோ மூட்டை ஒன்று போதும். நார்க்கழிவுக் கட்டி 5 கிலோவுடையது ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர், அதாவது இரண்டரை கன அடி ஆகும். இரண்டு கட்டி வாங்குங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ மேல் அரை அடியில் தூவிக் கலந்தால் போதும்.

தொழு உரத்தைச் சலித்துப் போடுங்கள். சரியாக மக்காததில் விரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். அவற்றில் பல காண்டாமிருக வண்டின் புழுக்கள். வண்டானதும் உங்கள் தென்னையின் குருத்துக்குத்தான் போகும். பச்சைச் சாணம் சூட்டைக் கிளப்பும், தகட்டின் பூச்சையும் அரிக்கும்.

அடியில் மரக்கட்டைகளைப் போட்டு நிரப்பினால் மண் செலவு மிச்சம் என்கிறார்களே?

குளிர் நாட்டில் அது நல்ல யோசனை. இங்கே கரையானுக்குப் பந்தி வைப்பது போல. கட்டையைத் தின்றுமுடித்த இடம் வெற்றிடமாகி மண் திடீரென்று உள்வாங்கும். இடம் நிரப்பத்தான் வேண்டுமென்றால் தேங்காய் மட்டை போடுங்கள். ஒரு வாரம் ஊறவைத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க ஒரே அடுக்காக அடுக்கினால், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் மக்கும்.

தகடு சுட்டு வேர் வெந்துவிடாதா?

உயரமான பாத்தியில் மண் நிறைய இருப்பதால் நடுப்பகுதி சூடேறாது. தகட்டை ஒட்டிய இரண்டு மூன்று அங்குலம்தான் காயும், சுடும். வாங்கும்போதே வெளிர் நிறமாகப் பாருங்கள். கரும்பச்சையும் கருஞ்சாம்பலும் படத்தில்தான் அழகு. நிரப்பும்போது மேற்கு, தெற்குப் பக்கத் தகடுகளின் உட்புறம் தென்னைநார் பாயோ இரண்டு மடிப்புச் சாக்கோ வைத்து மண் போடுங்கள். தெர்மாகோல் வேண்டாம், எறும்பு குடியேறும். நாற்றை விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி நடுங்கள். விளிம்பு ஓரத்தில் பசலைக்கீரை, சர்க்கரைவள்ளி மாதிரி தொங்கும் கொடியை விட்டால் தகட்டுக்கு அதுவே திரை. மண்ணின் மேல் காய்ந்த இலை போன்றவற்றால் 2 அங்குல மூடாக்கு எப்போதும் இருக்கட்டும். பங்குனி முதல் வைகாசி வரை 50 சதவீத நிழல்வலை. அதைப் பாத்தியில் கட்டாமல் தனிக் கம்பத்தில் கட்டுங்கள். பந்தலுக்கும் அப்படியே, ஒரு சூறைக்காற்றில் தகடு முறுக்கிக்கொள்ளும்.

துத்தநாகம் காய்கறியில் இறங்குமா?

பயப்படும் அளவுக்கு இல்லை. ஏஇசட் 150 தகட்டில் இந்த அளவுப் பாத்தியின் உட்புறம் முழுக்கச் சேர்த்தால் 100 கிராம் துத்தநாகம்தான் இருக்கிறது. அதுவும் பல ஆண்டுகளில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பயிருக்குத் துத்தநாகம் தேவையான நுண்சத்து. தமிழ்நாட்டு வயல்களில் அதன் பற்றாக்குறை பரவலாக இருப்பதால்தான் நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறார்கள். மண்ணின் பி.எச். 6-க்குக் கீழே போனால், அதாவது அமிலத்தன்மை கூடினால், பூச்சு வேகமாகக் கரையும். செம்மண்ணும் போர் தண்ணீரும் உள்ள வீட்டுத்தோட்டத்தில் அது அபூர்வம். கவனிக்க வேண்டியது பழைய தகட்டில் உள்ள பழைய பெயின்ட். அதில் ஈயம் இருக்கக்கூடும்.

தண்ணீர் எவ்வளவு விடுவது?

கோடை உச்சத்தில் இந்தப் பாத்திக்கு நாளைக்கு 15 லிட்டர் வரை போகும். சொட்டுநீர்க் குழாயான 16 மில்லிமீட்டர் லேட்டரல் மூன்று வரிசை, ஒரு அடிக்கு ஒரு டிரிப்பராக (சொட்டுவான்) வரிசைக்கு 8, மொத்தம் 24. மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 20 நிமிடத்தில் 16 லிட்டர். வெளி வரிசைகள் தகட்டிலிருந்து 5 அங்குலத்துக்குள் இருக்கட்டும், முதலில் காய்வது அந்த ஓரம்தான். உப்புத்தண்ணீர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லேட்டரலின் முனை மூடியைத் திறந்து ஓடவிடுங்கள். மண்ணின் மேல் வெள்ளை படிந்தால், மழைநீரோ நல்ல தண்ணீரோ கிடைக்கும் நாளில் மண் முழுக்க நனைந்து அடியில் கசியும்வரை விட்டு அலசுங்கள்.

தகட்டில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. துருவா?

துத்தநாகத்தின் துரு. ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஈரத்தில் வைத்திருந்தால் வரும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காற்றாட விடுங்கள், போதும். செம்பழுப்பு நிறம் தெரிந்தால் அது இரும்பின் துரு. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து ஜிங்க் ரிச் பிரைமர் அடியுங்கள். பெரும்பாலும் அது தரையை ஒட்டிய கோட்டில்தான் தொடங்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு பூச்சைச் சுரண்டும் இடமும் அதுவே. சுற்றிலும் அரை அடிக்கு ஜல்லி பரப்பினால் புல்வெட்டி பக்கத்தில் வர வேண்டியிருக்காது. செம்புக் கம்பியை, எர்த் வயர் உட்பட, தகட்டில் கட்டாதீர்கள். தொடும் இடத்தில் துத்தநாகம் சீக்கிரம் அரிபடும்.

சிமென்ட் தரையில் வைக்கலாமா? மொட்டை மாடியில்?

சிமென்ட் தரையில் வைக்கலாம். கீழ்விளிம்புக்கு ரப்பர் பீடிங் மாட்டுங்கள். தரை சரிந்திருக்கும் பக்கம் விளிம்பில் ஒரு அடிக்கு ஒன்றாக அரை அங்குல வடிதுளை விட்டு, உட்புறம் 2 அங்குலம் ஜல்லியும் மேலே பழைய வேட்டித் துணியும் விரியுங்கள்.

மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். நனைந்த மண்ணோடு இது சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சுமார் 150 கிலோ. மாடிக்கு குரோ பேக்கே சரி, அதுவும் உத்திரத்துக்கு மேலாகப் பார்த்து.

எப்போது தொடங்குவது?

வைகாசிக்குள் பூட்டி நிரப்பிவிட்டால், நனைத்து நனைத்து மண் அமர ஒரு மாதம் கிடைக்கும், ஆடிப்பட்டத்துக்கு விதைக்கலாம். வெண்டை ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசையில் ஒரு அடிக்கு ஒன்று. 16 செடி வரும். கத்தரியானால் 2 அடிக்கு ஒன்றாக 8 செடி, நடு இடத்தில் முதல் மாதம் கீரை எடுக்கலாம். ஐப்பசி மழைக்குள் செடி வேரூன்றியிருக்க வேண்டும். தை மாதம் தக்காளி, முள்ளங்கி.

ஆறு மாதத்தில் மண் நான்கு அங்குலம் இறங்கிவிட்டது. கசிந்துவிட்டதா?

இல்லை. இலையும் உரமும் மக்கினால் முதல் வருடம் 3, 4 அங்குலம் இறங்குவது வழக்கம். செடி எடுத்தபின் செம்மண்ணும் மக்கிய உரமும் பாதிப்பாதி கலந்து நிரப்புங்கள். உரத்தை மட்டும் கொட்டி நிரப்பினால் மறுபடியும் அதே அளவு இறங்கும். 4 அங்குலத்துக்கு 8 கன அடி பிடிக்கும். மேல்விளிம்பிலிருந்து 2 அங்குலம் குறைவாகவே நிறுத்துங்கள், மூடாக்குக்கு அந்த இடம் வேண்டும்.